மணிக்கட்டில் கரண்டு, வயிற்றில் நேற்றைய சோறு

போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் தெரிந்த அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், இனிப்பு நீர்க்காரர். மணிக்கட்டில் கறுப்புப் பட்டை, குமட்டலைத் தணிக்க அங்குள்ள நரம்பில் லேசாகக் கரண்டு விடுவது. தட்டில் இரண்டு ரொட்டி சானாய், மேலே ஆட்டுக்கறிக் குழம்பு. "கட்டி நாலு நாள்தான் ஆச்சு தங்கச்சி, குமட்டல் போன இடம் தெரியலை" என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

பட்டையை எந்த இடத்தில் கட்டுவது, ஜெல் எவ்வளவு தடவுவது என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே உண்டு. தாளில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

நோயின் பெயர் தெரியாமல் காசு போடுவது

குமட்டலுக்கு ஆயிரம் காரணம். முதலில் எண்டாஸ்கோப்பி செய்து அடைப்போ புண்ணோ இல்லை என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு ஸ்கேன். கதிரியக்கப் பொருள் துளி கலந்த முட்டையை ரொட்டியோடு சாப்பிடக் கொடுத்து, 4 மணி நேரம் விட்டு விட்டுப் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகும் 10 சதவிகிதத்துக்கு மேல் வயிற்றில் தங்கியிருந்தால், வயிறு மெதுவாகக் காலியாகிறது என்று அர்த்தம். அடைப்பும் இல்லையென்றால் அதுதான் கேஸ்ட்ரோபரேசிஸ். பல வருஷ இனிப்பு நீர், வயிற்றை இயக்கும் வேகஸ் நரம்பைக் கெடுத்து இதைக் கொண்டுவரும். நான் பட்டையை வாங்கிவிட்டு ஒரு வருஷம் கழித்துத்தான் ஸ்கேனுக்கே போனேன். சரி, அது சில நூறு வெள்ளியோடு போயிற்று.

விறுவிறுப்பு இல்லாமல் கட்டிக்கொள்வது

உள்ளங்கையிலும் நடுவிரலிலும் விறுவிறுவென்று வரவில்லையா? நரம்பில் படவில்லை. அது வெறும் வளையல்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால்

டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எடை குறைக்கும் ஊசியை மறைப்பது

செமாக்ளுடைட் வயிற்றை மெதுவாக்கும் மருந்து. அதையும் போட்டுக்கொண்டு, 'பட்டை வேலை செய்யவில்லை' என்று என்னிடம் வந்து புலம்பாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

குமட்டல் போனதும் வயிறு சரியாகிவிட்டது என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் குமட்டுகிற உணர்வு தணியும். சோறு கீழே இறங்காது.

வயிற்றுக்குள் வைக்கும் கருவிக்கும் இதே கதைதான். என்டெரா என்று ஒன்று உண்டு. 2000-இல் அமெரிக்காவில் சிறப்பு அனுமதி பெற்றது. வயிற்றுத் தசையில் இரண்டு கம்பிகள், தோலுக்கடியில் பேட்டரிப் பெட்டி. வயிற்றுக்குப் பேஸ்மேக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். வயிறு தானாக அலையடிப்பது நிமிடத்துக்கு 3 தடவை. இந்தக் கருவியோ வினாடிக்கு 14 துடிப்பு வேகத்தில், ரொம்பச் சின்னதாகக் கரண்டு விடும். அந்த வேகத்தில் வயிறு பிசையாது. பிரான்சில் 172 பேரை வைத்து, 4 மாதம் ஓடவிட்டும் 4 மாதம் நிறுத்தியும் ஒப்பிட்டார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஓடும்போது வாந்தி குறைந்தது, வயிறு காலியாகும் வேகம் கூடவில்லை.

இது தெரியாமல்தான் அந்தத் தீபாவளி. பட்டை புண்ணியத்தில் மூன்று வாரமாகக் குமட்டல் இல்லை. மத்தியானம் நெய்ச்சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், பயத்தங்காய்ப் பொரியல். வழக்கம்போல சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டேன். ஊசி தன் வேலையைச் செய்தது. சோறு வயிற்றை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, முறுக்குத் தட்டைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டேன். மகன் விரலில் குத்திப் பார்த்தான், சீனி வெறும் 2.6 மில்லிமோல். சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தான். அதுவும் அதே வயிற்றில்தானே போய் நிற்கும்? கடைசியில் ஆஸ்பத்திரியில் கையில் டிரிப் ஏற்றித்தான் கண் திறந்தேன். ராத்திரி சோறு மெல்ல இறங்க, சீனி 19-க்கு ஏறியது. மறுநாள் காலையில் வாந்தி. நர்ஸ் மிஸ்ஸி பேசினைப் பார்த்துவிட்டு, "இப்பதான் சாப்பிட்டீங்களா?" என்றார். பயத்தங்காய்த் துண்டுகள், நான் நறுக்கிய அதே நீளத்தில், பச்சை மாறாமல் கிடந்தன.

நான்கு நாள் வார்டு. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்த எனக்கு மிச்சமிருந்த லீவெல்லாம் அதிலேயே கரைந்தது. யாரும் சொல்லவில்லை என்றும் சாதிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக 5, 6 வேளை, எண்ணெயும் நாரும் குறைவாக, கஞ்சி, குழைந்த சோறு என்று எழுதிய தாள் ஐஸ்பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. குமட்டல் இருந்தவரை அதுவே என் கையைத் தட்டிவிட்டது. பட்டை அதன் வாயைக் கட்டிவிட்டது, நான் தின்றேன்.

பட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்றும் கட்டுகிறேன். ஆனால் கட்டின நாளும் சாப்பாடு அந்தத் தாளில் உள்ளபடிதான். இன்சுலின் ஊசி எப்போது போடுவது என்பதை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

ஒட்டுக்கடை அண்ணனிடம், "ஊசி போட்டாச்சாண்ணே?" என்று கேட்டேன். "போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். ஒரு ரொட்டி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு, என் மீட்டரை மேசைமேல் எடுத்து வைத்து, ஒரு தே ஓ சொன்னேன்.