திருவிழா விளக்குகளைக் கோடாக இழுப்பது எப்படி?

சீரியல் பல்பு கட்டிய வீதியில் ஒருவரை நிறுத்தி, முகம் கூர்மையாகவும் பின்னால் உள்ள விளக்குகள் கோடுகளாகவும் விழ வைக்க ஒரு கேமராவும் ஒரு ஃபிளாஷும் போதும். டிரைபாட் வேண்டாம், ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவைக் கையால் நகர்த்தப் போகிறோம்.

மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8, ஷட்டர் 1 நொடி. லென்ஸ் 35 மி.மீ. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். முகத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் பிடித்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைக் காட்டும் எண், ஐஎஸ்ஓ 100-இல் மீட்டர் கணக்கில்) 40 உள்ள ஃபிளாஷ், கால் சக்தியில் எஃப் 8-க்குச் சரியாக 2.5 மீட்டர் எட்டும். ஆளை அங்கே நிறுத்துங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் பெரும்பாலும் ஃபிளாஷ் தலையை முழு ஸூமில் வைத்து அளந்தது, 35 மி.மீ.-க்கு விரிந்தால் வெளிச்சம் அதைவிடக் குறையும். முகம் இருட்டாக வந்தால் அரை சக்திக்கு ஏற்றுங்கள்.

ஃபிளாஷ் ஷட்டர் திறந்தவுடன் அடிக்கட்டும். கடைசியில் அடிக்கும் முறையில், கை எங்கே போய் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆள் படத்தில் விழுவார். தலை வெட்டுப்படுவது அதனால்தான். பட்டனை அழுத்தி, ஃபிளாஷ் அடித்த பிறகும் ஒரு கணம் அசையாமல் இருங்கள், பிறகு நகர்த்துங்கள். அந்தக் கணத்தில் ஒவ்வொரு பல்பும் பளிச்சென்ற புள்ளியாகப் பதியும், கோடு அதிலிருந்து கிளம்பும்.

எந்தப் பக்கம் நகர்த்துகிறோம் என்பதில்தான் படமே இருக்கிறது. விளக்குகள் தலைக்கு மேலே இருந்தால் கேமராவைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். படத்தில் கோடுகள் மேலே ஓடும், முகத்தில் ஏறாது. மேல்நோக்கிச் சாய்த்தால் கோடுகள் நெற்றியைக் கிழித்துக்கொண்டு இறங்கும். கறுப்புச் சட்டையில் கோடு அப்படியே தெரியும், வெள்ளைச் சட்டையில் அவ்வளவாகத் தெரியாது. ஆள் மீது தெருவிளக்கு விழுந்தால் முகமும் சேர்ந்து இழுபடும், நிழலில் நிறுத்துங்கள்.

கோடு மங்கலாக இருக்கிறதென்று 1 நொடியை 2 ஆக்குவது வீண். கேமரா நகரும்போது கோட்டின் வெளிச்சம் அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, கையின் வேகம் இவற்றைப் பொறுத்தது. ஷட்டர் நேரம் நீளத்தைத்தான் கூட்டும். முதலில் கையை மெதுவாக்கிப் பாருங்கள். எஃப் 5.6-க்குத் திறந்தால் ஃபிளாஷைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கோடு துண்டுதுண்டாக வந்தால் கேமராவில் பழுதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எல்இடி செட்டுகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, சில மலிவான செட்டுகள் 50 முறை. கையை வேகமாக வீசினால் அந்தத் துடிப்பு புள்ளிக்கோடாகப் பிரியும். எங்களுக்கு அது பிடிக்கும். முழுக் கோடுதான் வேண்டுமென்றால் பழைய இழை பல்பு, அகல்விளக்கு இருக்கும் பக்கமாகத் திரும்புங்கள்.