நெஞ்சு படபடத்தால் கன்போ மருந்தா, 119 ஆம்புலன்ஸா? ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டோக்கியோவின் நிஷி கசாயில் வீடு கிடைத்து, எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று பழகி, கோன்பினி (24 மணி நேரச் சிறு கடை) காபியில் உடம்பு ஓடத் தொடங்கியிருந்த எட்டாவது மாதத்தில் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. இரவு பதினொரு மணி ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது இதயம் தொண்டைக்கு ஏறிவிட்ட மாதிரி இருக்கும். மறுநாள் மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு அலமாரி முழுக்க "டோகி, இகிகிரே" என்று எழுதிய பெட்டிகள். டோகி என்றால் படபடப்பு, இகிகிரே என்றால் மூச்சு வாங்குவது. இந்த இரண்டையும் வந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் வேறு எதுவும் சொல்ல வராவிட்டாலும் இவை போதும்.

அந்த அலமாரியில் ஜப்பானியர் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கியூஷின். கடுகு மாதிரிச் சின்ன மாத்திரை. தாத்தா பாட்டி வீடுகளில் இருக்கும் மருந்து என்பதால் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று தோன்றும். பெட்டியில் உள்ளதைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஜின்செங் இருக்கிறது, முத்து இருக்கிறது, கூடவே நம் கோரோசனையும் இருக்கிறது. குழந்தைக்கு மாந்தம் என்றால் பாட்டிகள் உரசிக் கொடுப்பார்களே, மாட்டின் பித்தக்கல், அதேதான். ஆனால் இதயத்தின் மேல் நேராக வேலை செய்வது தேரையின் தோலில் சுரக்கும் நஞ்சு. ஜப்பானியர் அதை சென்சோ என்கிறார்கள். டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை வேலை செய்கிற அதே வழியில் இதுவும் செய்கிறது. அதனால்தான் இதயத்துக்கு வலுவூட்டும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று பெட்டியோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். மருந்திலும் சைவம் பார்ப்பவர்களுக்கு இது ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அன்று எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். தைரியத்தால் அல்ல, தேரையால்.

கடையில் கிடைக்கும் இந்த மாத்திரையும் டாக்டர் எழுதித் தரும் கன்போவும் ஒன்றல்ல. கன்போ என்பது சீனத்திலிருந்து ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வந்து, எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானுக்கே உரிய உருவம் எடுத்த வைத்தியம். அதன் பின் வந்த மெய்ஜி அரசு மேல்நாட்டு மருத்துவம் படித்துத் தேறியவருக்கு மட்டுமே டாக்டர் உரிமம் என்று ஆக்கிவிட்டதால், நம்மூரில் சித்த மருத்துவருக்கு இருப்பது போலத் தனிப் பட்டமும் தனிப் பதிவும் இங்கே கன்போவுக்கு இல்லை. கன்போ மருந்தை எழுதித் தருபவர் இசிஜி எடுக்கும் அதே டாக்டர். 1976-லிருந்து பரவலாகக் காப்பீட்டிலும் வந்துவிட்டது. இப்போது 148 கூட்டு மருந்துகள் அந்தப் பட்டியலில் உண்டு. கம்பெனிக் காப்பீடோ வார்டு அலுவலகத்தில் சேர்ந்த தேசியக் காப்பீடோ இருந்தால் பெரியவர்கள் கட்ட வேண்டியது 30 சதவீதம்தான். கடையில் முழு விலை கொடுத்து வாங்குவதைவிட டாக்டரிடம் போவது பல நேரம் மலிவு. இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை.

பக்கத்து நைகாவுக்கு, அதாவது பொது மருத்துவரிடம், போனேன். இதயத்துக்கென்றே பார்க்கும் டாக்டர் வேண்டுமானால் பலகையில் ஜுன்கான்கி நைகா என்று இருக்கும். ஷின்தென்ஸு எடுத்தார், அதுதான் இசிஜி. ரத்தம் எடுத்து தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்த ஆரம்பித்தார். நெஞ்சுக்கு வந்தவனின் வயிற்றை ஏன் அமுக்குகிறார் என்று விழித்தேன். கன்போவில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுதான் ஜப்பானியரின் தனிச் சொத்து. விலா எலும்புக்குக் கீழே இறுக்கமாக இருக்கிறதா, தொப்புளுக்கு மேல் துடிப்பு தெரிகிறதா என்பதை வைத்து மருந்தைத் தீர்மானிக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள், குளிர் தாங்குமா என்று கேட்பார்கள். நம்மூர் வைத்தியர் நாடி பார்த்து வாதமா பித்தமா என்று சொல்வதோடு வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்காது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் இசிஜி, பிறகு வயிறு. இசிஜி எடுக்காமல் கன்போ தூள் பொட்டலம் தந்தால் நீங்களே கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

பொட்டலங்களில் பெயரைவிட எண் பெரிதாக இருக்கும். கன்போ தயாரிக்கும் ட்சுமுரா கம்பெனியின் எண்களைத்தான் டாக்டர்களே பேச்சில் சொல்வார்கள். பதற்றம், தூக்கமின்மை, படபடப்பு என்றால் 12. அதில் சிப்பி ஓடும், பழங்கால விலங்குகளின் புதைபடிவ எலும்பும் உண்டு. உடம்பு தளர்ந்து நாடி தவறுவது போல் இருந்தால் 64, ஷகன்சோதோ. இதயம் தளர்ந்து நீர் கோத்தவர்களுக்கு, மற்ற மருந்துகளோடு சேர்த்து, 36 எழுதுவதுண்டு. 30-ல் பதப்படுத்திய நாபி என்ற நச்சுக் கிழங்கு இருக்கிறது. நாபி என்றால் நம்மூரில் என்ன பயமோ அந்தப் பயம் இங்கேயும் பொருந்தும், நாக்கு மரத்தாலோ படபடப்பு கூடினாலோ உடனே நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

64-ஐப் பற்றி இரண்டு விஷயம். அதில் அக்யோ இருக்கிறது, கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. "நிக்கு தாபெமாசென்" (இறைச்சி சாப்பிடமாட்டேன்) என்று சொன்னால் உணவகத்தில் புரியும். மருந்தகத்தில் விலங்கு எதுவும் உண்டா என்று தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். இரண்டாவது, பெயரிலேயே இருக்கும் கன்சோ. அது நம் அதிமதுரம்.

தொண்டைக்கு இதமானது, இனிப்பானது, ஆனால் கன்போவில் பாதிக்கு மேற்பட்ட கூட்டுகளில் இது ஒளிந்திருக்கிறது. அளவு கூடினால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை சோர்ந்து போகும். பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் எந்தப் படபடப்புக்காக மருந்து சாப்பிட்டீர்களோ அதுவே ஆபத்தான தாளத்துக்குப் போகலாம். கெண்டைக்கால் பிடிப்புக்கு எல்லோரும் வாங்கும் 68-ல் நாளைக்கு 6 கிராம் அதிமதுரம். ஜலதோஷத்துக்கு அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அன்பாக நீட்டும் 1-ஆம் எண், கக்கோந்தோவிலும் உண்டு. போதாததற்கு அதில் எபிட்ரா என்ற செடியும் இருக்கிறது, அது இதயத்துடிப்பையே கூட்டும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் நன்றி சொல்லி வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள். இவற்றோடு ஊரிலிருந்து வந்த அதிமதுரக் கஷாயத்தையும் ஒரு கை பார்த்தால் கணக்கு எங்கே போகும்? நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனம்.

எப்போது சாப்பிடுவது என்பதில் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். உறையில் ஷொக்கான் என்று இருக்கும். எழுத்தைப் பிரித்துப் படிக்கிற ஆர்வத்தில் "சாப்பாட்டு நேரத்தில்" என்று நான் எடுத்துக்கொண்டேன், சாம்பார் சாதத்துக்கு நடுவே தூளை வாயில் போட்டேன். அதன் அர்த்தம் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. வெந்நீரில் கரைத்துக் குடியுங்கள். பால் குடித்தால் வயிறு கெடுபவர்கள் தூளில் லாக்டோஸ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தகத்தில் ஓகுசுரி தெச்சோ என்ற சின்ன நோட்டு தருவார்கள். எந்த மருந்து வாங்கினாலும் அதில் ஒட்டிக் கொடுப்பார்கள். ஊர் மருந்து, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் நீங்களே அதில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. மருந்தாளுநர் அதிமதுரத்தைக் கூட்டிப் பார்ப்பார்; எனக்குப் பார்த்தார்.

அப்பா அம்மா குறுகிய கால விசாவில் வந்து தங்கும்போதுதான் சிக்கல் கூடும். அவர்களுக்கு இங்கே காப்பீடு இல்லை, முழுச் செலவும் உங்கள் கையிலிருந்து. டாக்டர் சீட்டு மருந்தை ஒரு மாதத்துக்குமேல் கொண்டுவர வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டோ, அதாவது புளிக்கவைத்த சோயா, வேண்டவே வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று ஜப்பானிய நண்பர்கள் புகழ்வார்கள், உண்மையாகவே நல்ல உணவுதான். ஆனால் அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

நெஞ்சில் கல் வைத்த மாதிரி அழுத்தம், கை தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை: அப்போது எண் 12-ம் இல்லை, 64-ம் இல்லை, ஆம்புலன்ஸுக்கு 119 மட்டும்தான். "கியூகியூ தெசு" (ஆம்புலன்ஸ் வேண்டும் என்பதற்கு) என்று சொல்லுங்கள், பிறகு "முனே நோ இதாமி", நெஞ்சு வலி. பல ஊர்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். வீட்டு முகவரியை மட்டும் ஜப்பானிய எழுத்திலும் தமிழ் உச்சரிப்பிலும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் இன்றே ஒட்டிவிடுங்கள். படபடக்கிற நேரத்தில் முகவரியில் எத்தனையாவது சோமே (பகுதி எண்) என்பது யாருக்கும் நினைவுக்கு வராது.