சைக்கிளுக்குப் பின்னால் மூன்று வண்டி

நாகர்கோவில் பக்கம் திருப்பதிசாரத்தில் சானல்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு வாழை விளை இருக்கிறது. மட்டி, செந்துளுவன், கொஞ்சம் ஏத்தன். வெட்டிய குலைகளை வடசேரி சந்தைக்குக் கொண்டுபோக முன்பெல்லாம் ஆட்டோதான் பிடிப்பேன். ஏழெட்டுக் குலைக்கு ஆட்டோ வாடகை கொடுத்தால் கையில் என்ன நிற்கும்? அதனால் என்னுடைய பழைய சைக்கிளுக்குப் பின்னால் வண்டி கட்ட ஆரம்பித்தேன். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, இப்போது மூன்று.

ஒரே பெரிய வண்டியாகச் செய்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். குலையை ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியாது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம கன்னியாகுமரி மட்டி, காயில் பட்ட அடி பழுக்கும்போது கறுப்பாகத் தெரியும். சந்தையில் அதைத் தொடமாட்டார்கள். ஆக எனக்கு எடை பெரிதில்லை, பரப்பும் இடம்தான் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு ஒரே தட்டு போட்டால் எங்கள் முடுக்கில் திரும்பாது. சின்ன வண்டி என்றால் கழற்றி, வரப்பு வழியே வாழை மூட்டுப் பக்கத்துக்கே கையால் இழுத்துப் போகலாம்.

என் வண்டி ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், காலியாக 11 கிலோ. சட்டம் முக்கால் இஞ்ச் இரும்புப் பைப். சக்கரம், சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் 16 இஞ்ச் முன்சக்கரம். பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடையில் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் தாங்கல் இருந்தால்தான் நிற்கும். மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே தொங்கவிட்டால் வளைந்துவிடும். சக்கரத்தின் உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை வைத்து வெல்டு பண்ணச் சொல்லுங்கள்.

இனி கோர்ப்பு, அதாவது வண்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இடம். மூன்று வண்டி ஓடுமா ஓடாதா என்பது இங்கேதான் இருக்கிறது.

சைக்கிளில் கொக்கியைக் கேரியரில் மாட்டாதீர்கள். உயரத்தில் இருந்து இழுத்தால் வளைவில் சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்க்கும். பின்சக்கர அச்சில், செயின் இல்லாத இடதுபக்கம், 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தகடு வைத்து அச்சு நட்டாலேயே இறுக்குங்கள். அந்தத் தகட்டில் பழைய காரின் ஸ்டியரிங்கில் வரும் பால் ஜாயிண்ட் (குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டு) ஒன்று. இடம் வலம் தாராளமாகத் திரும்பும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். முக்கியமாக, அதில் ஆட்டம் இருக்காது. வெறும் வளையமும் கொக்கியும் போட்டால் ஒவ்வொரு கோர்ப்பிலும் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முதுகில் மூன்று தடவை இடிக்கும்.

வண்டியையும் பால் ஜாயிண்டையும் சேர்க்கும் நீளப் பைப்பை மாட்டுவண்டி வழக்கப்படி ஏர்க்கால் என்றே சொல்கிறேன். இடது அச்சிலிருந்து கிளம்பி, சக்கரத்தைச் சுற்றி வளைந்து, வண்டியின் நடுவுக்கு வரவேண்டும். பால் ஜாயிண்டிலிருந்து வண்டியின் அச்சு வரை நேர் அளவு 120 சென்டிமீட்டர் வைத்தேன். இது ரொம்பக் குட்டையானால் சட்டென்று திருப்பும்போது தட்டின் மூலை பின்சக்கரத்தில் உரசும்.

அடுத்த வண்டியை முன்வண்டியில் எங்கே மாட்டுவது? நான் முதலில் முன்வண்டியின் அச்சுக்கு நேராகவே மாட்டினேன். நேர்ரோட்டில் அழகாக வந்தது. திருப்பத்தில் ஒவ்வொரு வண்டியும் முன்னதைவிட உள்ளே வெட்டியது. எவ்வளவு வெட்டுகிறது என்று பார்க்க, வீட்டு முற்றத்தில் முதல் வண்டிச் சக்கரத்தில் சுண்ணாம்பும், நடு வண்டிக்குக் காவியும், கடைசி வண்டிக்குச் சாம்பல் கரைத்த தண்ணீரும் பூசி, மூன்று மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் ஓட்டினேன். சைக்கிள் பின்சக்கரத் தடத்திலிருந்து வெள்ளைத் தடம் ஒரு சாணுக்கு மேல் உள்ளே. காவி அதற்கும் உள்ளே. சாம்பல் தடம் 80 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய், மகள் வைத்திருந்த செம்பருத்திச் செடியை உரசிக்கொண்டு போயிருந்தது. சந்தை வாசல் திருப்பத்தில் அந்த இடத்தில் ஒரு மனுஷர் நின்றால்?

கணக்கு இதுதான். முன்வண்டியின் அச்சுக்குப் பின்னால் கோர்ப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு உள்வெட்டு குறையும். ஏர்க்காலின் நீளமும் அந்தப் பின்நீட்டமும் சமமானால் வண்டி அதே தடத்தில் வரும். ஆனால் அவ்வளவு பின்னால் நீட்டினால் வேகத்தில் வால் பாம்பு மாதிரி நெளியும். அதனால் பாதி வைத்தேன்: 120-க்கு 60. நெளிவு என் வேகத்தில் இல்லை. வெட்டு குறைந்ததே தவிரப் போகவில்லை, மூன்றாவது வண்டி இன்னும் 65 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வருகிறது. இடது திருப்பத்தில் ரோட்டு ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளிப்போய்த்தான் திருப்புவேன். உங்கள் வண்டிக்கும் இந்த முற்றத்துச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்குங்கள்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு விஷயம். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போனால் வால் ஆடும். ஏர்க்கால் நுனியைத் தொங்கு தராசில் மாட்டித் தூக்கிப் பார்ப்பேன். கடைசி வண்டிக்கு 3 கிலோ, நடுவுக்கு 4, முதலுக்கு 6. ஏன் முதலுக்கு அதிகம்? கடைசி வண்டியின் மூக்கு நடு வண்டியின் வாலில் உட்காருகிறது. அந்த 3 கிலோ வாலை அமுக்கும்போது நடு வண்டியின் மூக்கு ஒன்றரைக் கிலோ மேலே எழும்பும். நடு வண்டி அதையே முதல் வண்டிக்குச் செய்யும். தனியே பார்த்தபோது சரியாக இருந்த வண்டி கோர்த்தபின் ஆடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எடையும் முன்னிருந்து பின்னாகக் குறையவேண்டும். நான் முதல் வண்டியில் 40 கிலோ, நடுவில் 30, கடைசியில் 15-க்கு மேல் ஏற்றமாட்டேன்.

அப்புறம் பிரேக். நானும் சைக்கிளும் வண்டிகளும் குலைகளும் சேர்த்து 200 கிலோ. 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாதாரண இறக்கத்தில் 8 கிலோ அளவுக்கு முன்னே இழுக்கிறது, அதில் பாதிக்கு மேல் வண்டிகள் பின்னாலிருந்து தள்ளுவது. சைக்கிள் பிரேக்கை மட்டும் பிடித்தால் நடுவில் மடங்கிக்கொள்ளும். அதனால் மூன்று ஏர்க்காலையும் இரண்டு துண்டாகச் செய்தேன், உருண்டைப் பைப்புக்குள் உருண்டைப் பைப். வண்டி முன்னே தள்ளினால் உள்பைப் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போகும். போகும்போது அந்த வண்டியின் பிரேக் கேபிளை இழுக்கும். தள்ளுவது நின்றால் ஸ்பிரிங் திருப்பி வெளியே விடும். ஒவ்வொரு வண்டியும் தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். உருண்டைப் பைப் என்பதால் தன்னைத்தானே சுற்றவும் செய்யும். ஒரு வண்டி கவிழ்ந்தாலும் சைக்கிளைச் சேர்த்துக் கவிழ்க்காது. ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் ஒவ்வொரு குழியிலும் பிரேக் பிடிக்கும், கொஞ்சம் கனமாகப் போடுங்கள்.

இந்த அமைப்பில் பின்னால் தள்ளினாலும் பிரேக் பிடிக்கும். கையால் பின்னே தள்ளும் நேரத்துக்குச் உள்பைப் சறுக்காமல் பூட்ட ஒரு ஆணி வைத்திருக்கிறேன். அந்த ஆணியைக் கழற்ற மறந்தால் ரோட்டில் பிரேக்கே இல்லை. ஆணியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், தூரத்திலிருந்தே தெரியும். கோர்த்தபடியே பின்னால் எடுக்கப் பார்க்காதீர்கள், மடங்கத்தான் செய்யும்.

கோர்ப்பு ஒவ்வொன்றிலும் பால் ஜாயிண்ட் தவிர ஒரு நைலான் பட்டையும் இருக்கவேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பால் ஜாயிண்ட் போடுவதற்கு முன்னால் ஒரு போல்ட்டைக் கடையாணி மாதிரிச் செருகியிருந்தேன். நட்டு இறுக்கம்தானே என்று, அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் போடவில்லை. ஒழுகினசேரிப் பாலத்துக்குச் சற்று முன்னால் பின்னே ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கடைசி வண்டி தனியே நிற்கிறது. ஏர்க்கால் நுனி தார்ரோட்டில் குத்தி, தட்டு செங்குத்தாக எழும்பி, நான்கு மட்டிக்குலையும் ரோட்டில். பின்னால் வந்த ஆட்டோக்காரத் தம்பி வண்டியைக் குறுக்கே நிறுத்தி, “பைய எடுங்க அண்ணாச்சி, நான் நிக்கேன்” என்று மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டார். அவர் சற்று நெருங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாளே மூன்று கோர்ப்புக்கும் பட்டை வாங்கிப் போட்டேன். ஏர்க்கால் தரையைத் தொடாத அளவுக்குப் பட்டையைக் குட்டையாகக் கட்டுங்கள்.

ஓட்டும்போது: மூன்று வண்டியோடு முழு நீளம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடைசி வண்டியில் ஒரு மூங்கில் குச்சியில் சிவப்புக் கொடி, இரண்டு ரிஃப்ளெக்டர். வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் போதும். ஃப்ரீவீலை (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றினால் மிதிப்பது லேசாகும். ஆனாலும் பாலம் தாண்டி ஊருக்குள் ஏறும் இடத்தில் நான் இறங்கித் தள்ளத்தான் செய்கிறேன். அந்த ஏற்றத்தில் 10 கிலோ இழுவை. நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பது போல. முழங்காலை வைத்து அதை மிதிக்கவேண்டாம். ஆடி மாதக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சுழற்றி அடிக்கும் நாட்களில் மூன்றாவது வண்டியைக் கட்டவே மாட்டேன், தார்ப்பாய் போட்டால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

சந்தையில் கழற்றும்போது கடைசி வண்டியிலிருந்து தொடங்குங்கள். பாரம் இறக்கிய முன்வண்டியை முதலில் கழற்றினால் பின்னுள்ளதன் பாரம் வாலை அமுக்கி, மூக்கு எழும்பித் தாடையில் அடிக்கலாம். வீட்டுக்குத் திரும்பும்போது காலி வண்டிகளை இழுத்துவராதீர்கள், பாரம் இல்லாமல் ஒவ்வொரு குழியிலும் துள்ளும். பின்னிரண்டையும் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்து முதல் வண்டியில் அடுக்கி, பழைய டியூபை நீளமாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் கிடைக்கும் இடத்தில் ஒரு மூட்டை தவிடு வைக்கலாம்.