கள்ளும் கணக்கில் சேரும்: ஓ.பி.யில் குடியை விசாரிப்பது எப்படி

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் எங்கள் பக்கம் பலரும் "இல்லீங் சிஸ்டர்" என்பார்கள். அது பொய் இல்லை. கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் குடி என்றால் பிராந்திதான். கள் அதில் சேராது. சித்தூர் தாலுக்காத் தோப்புகளில் இறக்கும் கள் தினமும் வண்டியேறி வெளி மாவட்டக் கள்ளுஷாப்புகளுக்குப் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் கள்ளை யார் குடி என்பார்கள்?

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பில். பல வருஷம் முன்னால் வேறோர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். கால் உடைந்து ஒருவர் வந்தார். கேட்டேன், இல்லை என்றார், கேஸ் ஷீட்டில் 'மது: இல்லை' என்று நானே எழுதினேன். மூன்றாம் நாள் ராத்திரி ட்ரிப் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சொன்னார்: "கள்ளு மட்டுந்தானுங், மூணு நேரமும்."

அதனால் இப்போது எடுத்த எடுப்பில் குடியைக் கேட்பதில்லை. பி.பி. பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "எல்லார்கிட்டயும் கேக்கறதுதாண்ணா" என்று ஆரம்பிப்பேன். பீடி, ஹான்ஸ் புகையிலை, அப்புறம் கள்ளு, பீர், பிராந்தி என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்பேன். கூட வந்த சம்சாரத்தையோ பிள்ளையையோ அதற்கு முன்பே மருந்து வாங்க அனுப்பிவிட வேண்டும். சர்க்கரை, பி.பி., வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, அடிக்கடி விழுந்து எழுவது என்று வருகிறவர்களைக் கேட்காமல் விடவே கூடாது. பெண்களையும் கேளுங்கள், அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

கேள்விக்கு 'ஆடிட்' என்ற பட்டியல் இருக்கிறது. 1980களில் உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து உருவாக்கியது. மொத்தம் 10 கேள்வி, 40 மதிப்பெண். கூட்டம் அதிகமென்றால் முதல் மூன்று போதும்: எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரே உட்காரலில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை தடவை. இந்த மூன்றில் ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்துவிட்டால் மீதி ஏழையும் கேட்க வேண்டும்.

ஓர் அளவு என்பது 10 கிராம் சாராயச் சத்து. பிராந்தியில் அது 30 மில்லி. ஆக, 180 மில்லி குவார்ட்டர் ஒன்று சரியாக ஆறு அளவு. மூன்றாவது கேள்வியை நம் ஊர்ப் பேச்சில் கேட்டால் "குவார்ட்டர் முழுசா அடிப்பீங்களா?" என்பதுதான். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவு, 8 சதவீதம் என்றால் நான்கு. கள்ளின் வீறு காலையில் ஒன்று, சாயங்காலம் வேறொன்று. நான் பீர் பாட்டில் கணக்கையே அதற்கும் வைத்துக்கொள்கிறேன்.

"கொஞ்சந்தானுங்" என்பவருக்காக டிராயரில் ஒரு டீ கிளாஸ் வைத்திருக்கிறேன். தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து, எவ்வளவு ஊற்றுவீர்கள், ஊற்றிக் காட்டுங்கள் என்பேன். அதை மருந்து ஊற்றும் 30 மில்லி கப்பில் அளப்பேன். போன மாதம் ஒரு கொத்தனார் அண்ணன் "ஒரு பெக்" என்று ஊற்றியது மூன்று கப் நிறைந்து நான்காவதிலும் பாதி வந்தது. அவரே கப்பை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பத்துக் கேள்வியிலும் 8 முதல் 15 வரை வந்தால் ஐந்து நிமிஷப் பேச்சு போதும். நேரமில்லை என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், மதிப்பெண்ணைச் சொல்லி ஒரு துண்டுத்தாள் கொடுத்ததற்கும், ஐந்து நிமிஷம் அறிவுரை சொன்னதற்கும், இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வந்தவருடைய வயிற்றெரிச்சலையோ பி.பி.யையோ அந்த எண்ணோடு முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள். "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னமும் கஷ்டமான வேலை அதுதான்.

கொஞ்சம் முற்றியவர்களுக்குக் கூடுதல் பேச்சு தேவை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 12 முதல் 19 வரை மதிப்பெண் பெற்ற ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆபத்தான அளவிலிருந்து இறங்கியவர்கள் 36 சதவீதம். அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 26 சதவீதம். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான நம் ஆஷா அக்காமார்களால் இது முடியும் என்றுதான் நான் சொல்வேன்.

20ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நீங்களாகச் சமாளிக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். மதிப்பெண் எதுவானாலும் "கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்பதை மறக்கக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் டாஸ்மாக் திறக்கப் பன்னிரண்டு மணி ஆகும். காலை ஒன்பது மணி ஓ.பி.யில் நீட்டிய விரல் நடுங்கி, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தால் அது குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கமாக இருக்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் நான் பார்த்த எறும்புக் கதை. தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்றோடு விட்டுவிடுங்கள்" என்று வீராவேசமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ட்ரிப்பில் குளுக்கோஸ் ஏறுவதற்கு முன் தயமின் (பி1 வைட்டமின்) போட்டாயிற்றா என்று டாக்டரை ஞாபகப்படுத்துங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கஞ்சா, போதை மாத்திரை விஷயத்தில் மட்டும் ஐந்து நிமிஷப் பேச்சை நம்ப வேண்டாம். பாஸ்டனில் 528 பேரிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், சின்னப் பேச்சும் பலிக்கவில்லை, நீண்ட பேச்சும் பலிக்கவில்லை. ஆனாலும் "இந்த ஒரு வருஷத்துல எத்தனை தடவை?" என்று சாதாரணமாகக் கேட்டு வைக்கலாம். பதில் வந்தால் கேரள அரசின் விமுக்தி போதை மீட்பு மையத்துக்குச் சீட்டு எழுதுங்கள். எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் இருப்பவருக்கு 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

அடுத்த தேதியை பி.பி. மாத்திரை வாங்கும் நாளிலேயே போடுங்கள். இதற்கென்று தனியாக யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள். கொத்தனார் அண்ணன் இந்த மாதம் மாத்திரைக்கு வந்தபோது, நான் கேட்காமலே டிராயரைக் காட்டினார். ஊற்றியது இரண்டு கப். "ஞாயித்துக்கிழமை மட்டும் பழைய அளவுங்" என்றார். அதையும் சீட்டில் எழுதிக்கொண்டேன்.