டயமண்ட் வாங்கும் முன்: கேமின் சுவையைக் கெடுக்கும் தவறுகள்

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. மழை லீவு விட்டால் குலசேகரத்திலிருந்து கொளச்சல் வரை பிள்ளைகள் கையில் போன்தான். விளையாடட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. டயமண்ட், ஜெம் என்ற கேம் நாணயங்களை வாங்கி, கேமுக்குள் காசு போடும் விதத்தில்தான் சிக்கல். பணமும் போகிறது, விளையாட்டும் சலித்துப்போகிறது.

கஷ்டமான இடத்தைக் காசு கொடுத்துத் தாண்டுவது முதல் தவறு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற கேமில் ஒரு கட்டடத்தை மேம்படுத்த நாள்கணக்கில் ஆகும். ஜெம் கொடுத்தால் உடனே முடியும். காக்க வைப்பவரும் ஜெம் விற்பவரும் ஒரே ஆள். இன்று தாண்டினால், அடுத்த கட்டடம் இன்னும் நீண்ட காத்திருப்போடு வரும். முட்டத்தில் தூண்டில் போடப் போனவர் திங்கள்சந்தையில் மீன் வாங்கித் திரும்பினால் குழம்பு கிடைக்கும், தூண்டில் போட்ட சுகம் கிடைக்காது.

இதைவிட மோசம் அதிர்ஷ்டப் பெட்டி: காசு கொடுத்துத் திறப்போம், உள்ளே என்ன வரும் என்று தெரியாது. ஒரு ஸ்கின் (கேம் பாத்திரத்துக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்காரத் தோற்றம்) விழ 1 சதவீத வாய்ப்பு என்றால், 100 முறை திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 பேர் ஆளுக்கு 100 முறை திறந்தாலும் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் போவார்கள். முந்தைய பெட்டிகள் காலியாக இருந்ததால் அடுத்ததில் வாய்ப்பு கூடிவிடாது. இத்தனை முறைக்குள் கட்டாயம் தருவோம் என்று கேமே எழுதிவைத்திருந்தால் மட்டும் கதை வேறு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இப்படிப்பட்ட சில பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

அப்புறம், விலையை ரூபாயில் பார்க்காமல் விடுவது. பொருள் 400 டயமண்ட், விற்பதோ 310, 520 என்ற கட்டுகளாக மட்டும் என்று வைத்துக்கொள்வோம். 520 வாங்கினால் மிச்சம் 120 கையில் நிற்கும். அதை வீணாக்க மனம் வராமல் மறுபடி டாப்-அப் செய்வோம். காசு கட்டி வாங்கி, மிஷன் (கேம் தரும் வேலை) முடிக்க முடிக்கப் பரிசு தரும் சீசன் பாஸும் இப்படி நம்மைக் கட்டிப்போடும் வகைதான். வாங்கியதற்காகவே தினமும் மிஷன் முடிக்க உட்கார்ந்தால் அது டியூஷன் மாதிரி ஆகிவிடும்.

வாங்கியது நிரந்தரம் என்றும் நினைக்காதீர்கள். 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி மொபைல் கேம் தடைசெய்யப்பட்டது. அதில் காசு போட்டு வாங்கிய உடைகள் பல மாதம் எட்டாமல் கிடந்தன. 2021-இல் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்த பிறகுதான் பழைய கணக்கை மாற்ற வழி பிறந்தது. மாதக்கணக்கில் ரசித்து விளையாடும் கேமில் பிடித்த ஸ்கின் ஒன்றை வாங்குவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

பெற்றோருக்கு: கல்ஃபிலிருந்து வரும் பணம் சேரும் வங்கிக் கணக்கும் பிள்ளை விளையாடுவதும் பல வீடுகளில் அம்மாவின் ஒரே போனில்தான். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தெரியாமல் வாங்கிவிட்டால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.