பார்வையில்லாத குழந்தைக்கு ஒரு விளையாட்டுப் பலகை

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒன்றரை வயது வரை கையில் எதைக் கொடுத்தாலும் நழுவ விடுவாள், தேட மாட்டாள். கையை விட்டுப் போன பொருள் சத்தமும் போடவில்லையென்றால் அவளுக்கு அது இல்லாமலே போய்விடுகிறது. பொருள்கள் ஓடிப்போகாத ஓர் இடம் வேண்டும் என்று தேடியபோதுதான் பார்வையற்ற குழந்தைகளோடு பணியாற்றிய டென்மார்க்கின் லில்லி நீல்சன் உருவாக்கிய அதிர்வுப் பலகை பற்றித் தெரிந்தது.

4 மி.மீ. ப்ளைவுட், நாலடிக்கு நாலடி. அடியில் ஓரம் சுற்றிலும் 2 செ.மீ. உயரக் கட்டை. நடுப்பகுதி தரையில் படாது, விரல் தட்டினாலே அதிரும். தடிமனான பலகை வேண்டாம், அதிராது. சிலாம்பு ஏறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

குழந்தையைப் பலகைமேல் படுக்க வைக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு கம்பியை ஆடாமல் கட்டி, எலாஸ்டிக்கில் பொருள்களைத் தொங்கவிடுங்கள்: சேர்த்துக் கட்டிய இரண்டு ஸ்டீல் ஸ்பூன், மரக் கரண்டி, புது பிரஷ். பிளாஸ்டிக் பொம்மை வேண்டவே வேண்டாம் என்பேன். கண்ணுக்குத்தான் அது பல நிறம், கைக்கு எல்லாம் ஒரே வழவழப்பு. ஸ்பூன் சில்லென்று இருக்கும், மரம் அப்படி இருக்காது. எலாஸ்டிக் வாய்வரை எட்டலாம், கழுத்தைச் சுற்றும் நீளம் கூடாது. பக்கத்திலேயே இருங்கள்.

நான் தவறியது இதற்குப் பிறகுதான். சலிக்குமே என்று தினமும் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினேன், அவள் கை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து அலைந்தது. அப்புறம் ஸ்பூன் இடது, பிரஷ் வலது என்று அப்படியே விட்டேன். மூன்றாவது வாரம் படுக்க வைத்ததும் இடது கை நேராக ஸ்பூனுக்குப் போனது, தட்டினாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள். நான் சந்தோஷத்தில் "சபாஷ்டா கண்ணு!" என்றதும் கை நின்றுவிட்டது. அவள் விளையாடும்போது பேசாதீர்கள், முடித்த பிறகு பேசுங்கள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பொருள்மேல் வைக்கவும் வேண்டாம். அந்தக் கைதான் அவளுக்குக் கண். உங்கள் கையை அவள் கைக்கு அடியில் வைத்து நீங்கள் தொடுங்கள். விருப்பமிருந்தால் அவள் விரல் தானாக நழுவி வந்து தொடும்.

பிறகு சேர்த்தது: பிரஷ் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் குழந்தைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். பிரஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பிடித்த பொருளோடு தொடங்குங்கள், சில வாரம் கழித்துப் பாதத்துக்கு எட்டுகிற மாதிரி கட்டிப் பாருங்கள். கொஞ்சம் பார்வை இருக்கும் குழந்தை என்றால் தொங்கும் பொருளுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, பளபளக்கும் பொருள் ஒன்றே ஒன்று போதும். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் குழந்தையின் தலைக்குப் பின்னாலிருந்து வரட்டும்.