மொழியியலும் ஆங்கிலம் கற்பித்தலும்: இரு பட்டங்களை இணைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மொழியியலில் இளங்கலையையும், பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையான டெசோலில் முதுகலையையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளில் முடிக்க வழியுண்டு. மாணவர்கள் இதனை 4+1 என்பார்கள். பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு கிரெடிட். இளங்கலைக்கு வழக்கமாக 120 கிரெடிட்டும் முதுகலைக்கு 30 முதல் 36 கிரெடிட்டும் தேவைப்படும். நான்காம் ஆண்டையொட்டி எடுக்கும் சில முதுகலைப் பாடங்களை இரண்டு பட்டங்களின் கணக்கிலும் வரவு வைத்துக்கொள்வதால் ஓராண்டு மிச்சமாகிறது. இந்த மிச்சத்தைப் பார்த்தே பலர் சேர்கிறார்கள். எதை விட்டுக்கொடுத்து அந்த ஆண்டைப் பெறுகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு.

முதல் தவறு, இரண்டு துறைகளையும் ஒன்றின் இரு பகுதிகளாக எண்ணிக்கொள்வது. மொழி எப்படி இயங்குகிறது என்று கேட்பது மொழியியல். இந்த மாணவர் நாளைக்குள் எதைப் பேசப் பழக வேண்டும் என்று கேட்பது கற்பித்தல். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். தமிழில் ஆங்கிலத்தின் 'த' (the) என்ற சுட்டடைக்கு நேரான சொல் இல்லை. ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் யாரும் உணர்வார்கள். பின்னதில் இன்ன புத்தகம் என்பது தெரிந்திருக்கிறது. அந்த வேலையை இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிறது. மொழியியல் படித்த ஆசிரியருக்கு இது அருமையான பிடி. தமிழ் மாணவரிடம் இதிலிருந்து தொடங்கினால், சுட்டடை எதற்காக வருகிறது என்பதன் ஒரு பகுதியையாவது உடனே புரியவைக்கலாம். ஆனால் எழுவாயில் இந்த உதவி கிடைக்காது, அங்கே தமிழ் உருபு எதையும் சேர்ப்பதில்லை. மேலும், புரிந்த மாணவர் மறுநாள் பேசும்போது சுட்டடையை விட்டுவிட்டே பேசுவார். விளக்கம் முடிந்ததும் பாடம் முடிந்தது என்று எண்ணும் ஆசிரியர் அங்கே திகைத்து நிற்பார். மொழியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே இதில் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்கு விளக்குவதில் அவ்வளவு சுவை இருக்கிறது.

இதோடு ஒட்டியது பாடங்களை எடுக்கும் வரிசை. இரண்டாம் மொழி எப்படிக் கைவருகிறது என்பதை ஆராயும் பாடத்தைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. 1957இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோ, தாய்மொழி, கற்கும் மொழி ஆகிய இரு மொழிகளையும் ஒப்பிட்டால் மாணவருக்கு எங்கே கடினம் என்பதை முன்கூட்டியே சொல்லலாம் என்று வாதிட்டார். 1967இல் பிட் கார்டர் பிழைகளை மாணவரின் உள்ளே உருவாகிவரும் ஒரு முறைமையின் அடையாளங்களாகப் பார்க்கச் சொன்னார். 1972இல் லாரி செலிங்கர் அந்த முறைமைக்கு 'இடைமொழி' என்று பொருள்படும் பெயரையே வழங்கினார். இந்த மாற்றத்தை அறியாமல் ஒலியியலும் தொடரியலும் படித்துக்கொண்டே போகிறவர், லாடோவின் காலத்து ஒப்பீட்டிலேயே நின்றுவிடுவார். மாணவரின் பிழை ஒவ்வொன்றுக்கும் தாய்மொழியைக் குற்றம் சொல்வார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் 'வென்ட்' (went) என்பதற்குப் பதிலாக 'கோட்' (goed) என்று கடந்தகாலம் சொல்லிப் பார்க்கிறார்கள் என்பதை அவர் நினைவுகூர வேண்டும்.

அடுத்தது பயிற்சிக் கற்பித்தல். பிராக்டிகம் எனப்படும் இந்தப் பாடம் பெரும்பாலும் முதுகலைப் பகுதியின் கடைசியில் வரும். தனியாக முதுகலைக்கு வருகிறவர்களில் சிலர் ஏற்கெனவே வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகள் கற்பித்துவிட்டு வந்திருப்பார்கள். 4+1 மாணவருக்கோ உடன் படிப்பவர்களுக்கு முன்னால் பத்து நிமிடம் நடத்திய பாடம் மட்டுமே அனுபவமாக இருக்கும். மிச்சப்படுத்திய ஓராண்டுக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு இதுதான். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே பொது நூலகங்களிலும் குடியேறியோருக்கான வகுப்புகளிலும் தன்னார்வலராகக் கற்பிக்கத் தொடங்கினால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். கோட்பாட்டு வகுப்பில் கேட்பதும் அதன் பிறகு வேறு விதமாகக் காதில் விழும்.

கிரெடிட் கணக்கிலும் சில கண்ணிகள் உண்டு. சேர்க்கை அனுமதி கிடைப்பதற்கு முன்பு எடுத்த முதுகலைப் பாடம் பல இடங்களில் இரட்டை வரவாகாது. குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே மதிப்பெண் வந்தாலும் ஆகாது. ஐந்தாம் ஆண்டை வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று பின்னர் தோன்றினால், இளங்கலைக்குப் பயன்பட்டுவிட்ட கிரெடிட்டைப் புதிய இடம் பொதுவாக ஏற்காது. எனவே எந்தப் பாடங்கள் இரட்டை வரவாகும் என்பதைத் துறையின் ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

பணத்தில், அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை. அது இளங்கலைப் பட்டம் பெறாதவர்களுக்கானது. முதுகலை மாணவராகப் பதிவு மாறியதும் நின்றுவிடும். படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கடனும் 2012 ஜூலை முதல் முதுகலையினருக்குக் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு வேறொரு கணக்கு. படிப்புக்குப் பின் வேலை செய்ய ஓ.பி.டி. அனுமதி ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம் கிடைக்கும். இடைவெளியின்றி முதுகலைக்குள் நுழைகிறவர் இளங்கலைக்குரிய 12 மாதத்தைப் பயன்படுத்தாமலே இழக்கிறார். பொது மொழியியலும் டெசோலும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கான ஸ்டெம் பட்டியலுக்கு வெளியே இருப்பதால், அத்துறையினருக்குக் கிடைக்கும் 24 மாத ஓ.பி.டி. நீட்டிப்பையும் எதிர்பார்க்கக் கூடாது.

வேலை பற்றிய தவறான எதிர்பார்ப்பு இன்னும் பரவலானது. டெசோல் முதுகலை இருந்தால் அமெரிக்க அரசுப் பள்ளியில் கற்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே அந்தந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமம் வேண்டும்; உரிமத்தோடு இணைந்த படிப்பாக இல்லாவிட்டால் பட்டம் மட்டும் போதாது. சமுதாயக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழக ஆங்கிலப் பயிற்சி மையங்களிலும்தான் இந்த முதுகலைக்கு நேரடி மதிப்பு. கொரியா போன்ற நாடுகளை நினைப்பவர்கள் கடவுச்சீட்டையும் பார்க்க வேண்டும்: ஆங்கிலப் பயிற்றுநர்களுக்கான அந்நாட்டின் ஈ-2 விசா, அடிப்படையில் ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாடுகளின் குடிமக்களை முன்வைத்து அமைந்தது. திரும்பி வந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சேர விரும்பினாலும் பி.எட். தனியாகத் தேவைப்படும். கல்லூரிப் பணிக்கான நெட் தேர்வில் ஆங்கிலமும் மொழியியலும் வெவ்வேறு பாடங்களாக இருப்பதால், சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகப்போகிறது என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.